முன்னாள் படைவீரரின் மனச்சோர்வு: சிகிச்சையாளர் எவ்வாறு பயிற்சி பெறுகிறார்?

"டாக்டர், அந்த அம்மாவுக்கு மிலிட்டரி பற்றி என்ன தெரியும்?"

எங்கள் மனநலப் புறநோயாளிகள் பிரிவில், முன்னாள் ஹவில்தார் ஒருவரின் மனைவி என்னிடம் கேட்ட கேள்வி இது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வங்கி ஒன்றில் காவலராகச் சேர்ந்து அந்த வேலையையும் விட்டுவிட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வாசற்படியில் அமர்ந்தால் வெயில் ஏறும்வரை அசையமாட்டார். பிள்ளைகள் செருப்பை ஒழுங்காக வைக்கவில்லை என்பதற்காக வீடே அதிரும். இரவில் மது. முதுகுவலிக்கென்று மூன்று மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. இடையில் வேறோரிடத்தில் மனநல ஆலோசனைக்கும் ஒருமுறை போயிருக்கிறார்கள். "நாட்டுக்காக உழைத்தவர் நீங்கள், நல்லதையே நினையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வெளியே வந்தவர், இனி எவரிடமும் பேசப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

அவரை எங்கள் உளவியல் சிகிச்சையாளரிடம் அனுப்ப நான் முனைந்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. சிகிச்சையாளர் முப்பது வயதைத் தாண்டிய பெண்; படைமுகாம் எதையும் கண்டவரல்லர். மனைவியின் அச்சம் நியாயமானது. இரண்டாவது முறையும் ஏமாந்தால் அவர் மூன்றாவது முறை வரமாட்டார். அன்று வரிசையில் நாற்பது பேர் காத்திருந்ததால், "அவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினேன். அந்தப் பயிற்சி என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் வாடியிருப்பதும், முன்பு பிடித்தவற்றில் நாட்டம் அற்றுப்போவதும் மனச்சோர்வின் இரு முதன்மை அறிகுறிகள். தூக்கம், பசி, கவனம், உடல்வலு ஆகியவை குறைவதும், தன்னைத் தானே பழித்துக்கொள்வதும், சாவைப் பற்றிய எண்ணமும் உடன் வரலாம். பாடநூலில் இருப்பது இவ்வளவே. ஆனால் படையில் பதினைந்து, இருபது ஆண்டுகள் பணியாற்றியவர் "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று சொல்லி வருவது அரிது. வலியைத் தாங்குவதும் முகத்தில் காட்டாதிருப்பதும் அவருக்குத் தொழிற்பயிற்சியாகவே கற்பிக்கப்பட்டவை. ஆகவே சோர்வு அவரிடம் கோபமாகவும், பேச்சின்மையாகவும், மதுவாகவும், தீராத முதுகுவலியாகவும் வெளிப்படும். வீட்டார் அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்வார்கள். மருத்துவர்களாகிய நாங்களும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவதுண்டு.

இத்தகையவர்களுக்குச் சிகிச்சையளிப்போரைப் பெரிய அளவில், முறையாகப் பயிற்றுவித்த நாடு அமெரிக்கா. அங்கு முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி அரசுத் துறையும், அதன்கீழ் நாடெங்கும் மருத்துவமனைகளும் உள்ளன. இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்களும், வியட்நாம் போர்க்காலத்தைச் சேர்ந்த மூத்தவர்களும் ஒரே நேரத்தில் அங்கு வந்துகொண்டிருந்த காலத்தில், அத்துறை ஓர் உண்மையை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. மனச்சோர்வுக்குப் பலனளிப்பதாக ஆய்வுகள் நிறுவிய பேச்சுவழிச் சிகிச்சைகள் பல ஆண்டுகளாகவே நூல்களில் இருந்தன. நோயாளியின் எதிரே அமர்ந்திருந்த சிகிச்சையாளர்களில் பலர் அவற்றை முறைப்படி கற்றிருக்கவில்லை. 2008ஆம் ஆண்டு அத்துறை வெளியிட்ட மனநலச் சேவைக் கையேடு, மனச்சோர்வுள்ள முன்னாள் படைவீரர்களுக்கு மூன்று சிகிச்சைகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதித்தது. அறிதல் நடத்தைச் சிகிச்சை, ஏற்பும் உறுதியும் சார்ந்த சிகிச்சை, உறவுவழிச் சிகிச்சை ஆகியவையே அவை. விதித்தால் போதுமா? அளிப்பதற்கு ஆட்கள் வேண்டுமே. பெரிய அளவிலான பயிற்சித் திட்டங்கள் அந்தத் தேவையிலிருந்தே பிறந்தன.

இம்மூன்றிலும் அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கான பயிற்சியை எடுத்துக்கொள்வோம். நம் மருத்துவமனைகளிலும் அதிகம் வழங்கப்படுவது அதுவே. 'சிபிடி' என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிகழ்ந்த ஒன்றுக்கும் நம் உணர்ச்சிக்கும் நடுவே ஓர் எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தைச் சான்றுகளோடு வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். கூடவே, நின்றுபோன செயல்களைச் சிறிது சிறிதாக மீட்கலாம். சிகிச்சையின் அடிப்படை இதுவே. இதை உருவாக்கிய ஆரன் பெக், கொரியப் போர்க்காலத்தில் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்த வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையில் மனநல மருத்துவராகப் பணியாற்றியவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 2021ஆம் ஆண்டு, நூறு வயது நிறைந்தபின் அவர் காலமானார்.

பயிற்சியின் முதற்கட்டம் மூன்று நாள் பட்டறை. ஒருவர் படைவீரராகவும் மற்றொருவர் சிகிச்சையாளராகவும் நடித்துப் பழகுவதும் அதில் உண்டு. இங்கேயே பயிற்சி முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். மூன்று நாள் பட்டறைகளும் முடிவில் வழங்கும் சான்றிதழ்களும் நம் நாட்டிலும் ஏராளம்; என் அலமாரியிலேயே ஒரு கட்டு இருக்கிறது. பட்டறை முடிந்த திங்கட்கிழமை பழைய வழக்கமே திரும்பிவிடும் என்பதை எங்கள் துறையில் எவரும் மறுக்கமாட்டார்.

உண்மையான பயிற்சி அதன் பிறகு ஆறு மாதங்கள் நடக்கிறது. பட்டறையிலிருந்து திரும்பிய சிகிச்சையாளர் தம் மருத்துவமனையில் மெய்யான நோயாளிகளுக்குச் சிகிச்சையைத் தொடங்குகிறார். நோயாளியின் எழுத்துமூல ஒப்புதலுடன் அமர்வுகள் ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன. வாரந்தோறும், நான்கு பேர் வரையுள்ள சிறு குழுவாக, அனுபவம் மிக்க ஓர் ஆலோசகருடன் தொலைபேசியில் கூடிப் பேசுகிறார்கள். ஆலோசகர் பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் இடுகிறார்.

அந்த மதிப்பெண் பட்டியலில் பதினொரு கூறுகள் உள்ளன. அன்றைய அமர்வில் எதைப் பேசுவது என்று நோயாளியோடு சேர்ந்து முடிவு செய்தாரா? சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டாரா? தாமே விடையைச் சொல்லிவிடாமல், நோயாளி அதைக் கண்டடையும்படி கேள்விகளை அமைத்தாரா? நேரத்தை வீணாக்கினாரா? வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைப் பேசி முடிவு செய்தாரா, சென்ற வாரத்ததை மறக்காமல் கேட்டாரா? இப்படி ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் ஆறு வரை, மொத்தம் 66. நாற்பதைத் தொட்டால்தான் திறன் பெற்றவர் என்று கொள்வது வழக்கம்.

ஒலிப்பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பட்டமேற்படிப்பின்போது, நான் நடத்திய ஓர் அமர்வை என் ஆசிரியர் எனக்கே போட்டுக் காட்டினார். மிக நன்றாக நடத்தினேன் என்ற நிறைவோடு அமர்ந்து கேட்கத் தொடங்கினேன். முக்கால்வாசி நேரம் ஒலித்தது என் குரல். நோயாளி ஓரிடத்தில், "அதற்குப் பிறகு நான் வீட்டுக்கே போகவில்லை சார்" என்று மெல்லச் சொல்கிறார்; அதைக் கடந்து நான் உறக்கத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறேன். எதற்குப் பிறகு என்று நான் கேட்கவே இல்லை. நினைவிலிருந்து ஆசிரியரிடம் அந்த அமர்வை விவரித்திருந்தால் அந்த வாக்கியம் என் அறிக்கையில் இடம்பெற்றிருக்காது. ஏனென்றால் அது என் காதிலேயே விழுந்திருக்கவில்லை.

இதிலிருந்து நீங்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பயிற்சி நடக்கும் இடத்தில் "உங்கள் அமர்வைப் பதிவு செய்யலாமா?" என்று கேட்டால் பலர் தயங்குகிறார்கள். படையில் பணியாற்றியவர்களுக்கு, தம்மைப் பற்றி எங்கோ ஒரு கோப்பு உருவாகிறது என்ற எண்ணமே ஒவ்வாது. அந்தப் பதிவில் மதிப்பெண் பெறுகிறவர் சிகிச்சையாளர், நீங்கள் அல்லர். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மறுத்தால் உங்கள் சிகிச்சை எவ்வகையிலும் குறையக்கூடாது.

இத்தனை உழைப்புக்கும் பலன் இருந்ததா? முதற்கட்ட முடிவுகள் 2012ஆம் ஆண்டு வெளியாயின. பயிற்சியில் சேர்ந்த 221 சிகிச்சையாளர்களில் 82 சதவீதத்தினர் எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்தனர். அவர்களிடம் சிகிச்சை பெற்ற முன்னாள் படைவீரர்கள் 356 பேர். அவர்களில் 68 சதவீதத்தினர் சிகிச்சையை முழுமையாக முடித்தோ, அறிகுறிகள் தணிந்ததால் முன்னதாகவே நிறைவு செய்தோ சென்றனர். மனச்சோர்வின் அளவு சராசரியாக ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு எதுவும் அங்கு இல்லை. ஆகவே குறைந்தது முழுவதும் சிகிச்சையால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. என் மனத்தில் நின்றது வேறொன்று: இந்த நோயாளிகள் அனைவரும், அப்போதுதான் பயின்றுகொண்டிருந்த சிகிச்சையாளர்களிடம் வந்தவர்கள். "பயிற்சியில் இருப்பவரா? வேண்டாம், பெரிய டாக்டரே பேசட்டும்" என்று நம் வீட்டார் சொல்வதுண்டு. மூத்தவர் ஒருவர் வாரந்தோறும் செவிமடுத்துத் திருத்துகிற இளம் சிகிச்சையாளர், எவரும் திருத்தாத மூத்த சிகிச்சையாளரைவிடக் குறைந்தவர் என்று நான் நினைக்கவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி, அந்த மனைவி கேட்டதற்கு வருவோம். படைவீரரைப் பற்றித் தனியாக என்ன கற்க வேண்டியிருக்கிறது?

ஒன்று, பாராட்டிலும் ஆவலிலும் உள்ள அபாயம். "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்பது எவ்வளவு பெரிய தவறோ, அவ்வளவு இல்லாவிடினும் "நீங்கள் வீரர் அல்லவா" என்று தொடங்குவதும் தவறுதான். தோழனை இழந்து தான் மட்டும் திரும்பியவர், "நான் அன்று முன்னால் போயிருக்க வேண்டும்" என்று ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் வழக்காடிக்கொண்டிருக்கக்கூடும். அவர் காதில் பாராட்டு குற்றச்சாட்டாக விழும். சிகிச்சையாளர் அந்த வழக்கை அவரோடு அமர்ந்து விசாரிக்கிறார். அன்று அந்த நொடியில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க வழியே இல்லை, உங்கள் இடத்தில் உங்கள் தோழர் இருந்திருந்தால் அவரிடம் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று படிப்படியாகக் கேட்கிறார். "அது உங்கள் தவறில்லை" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வதற்கும் இதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

இன்னொன்று, ஓய்வு பெறுவது பற்றியது. இது நம் ஊருக்கு மிக நெருங்கிய செய்தி. பத்தொன்பது வயதில் சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பதை ஒட்டிய வயதில் வீடு திரும்புகிறார். அதுவரை எப்போது எழுவது, எதை உடுத்துவது, யாருக்கு வணக்கம் செலுத்துவது என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தது. ஊரில் ஒருவருக்கும் அவருடைய பதவியின் பொருள் தெரியாது. வீட்டிலோ, அவர் இல்லாமலே எல்லாம் நடந்து பழகியிருக்கிறது. மளிகைக் கணக்கு முதல் மகளின் படிப்பு வரை மனைவி பார்த்துக்கொண்டார். விடுப்பில் வந்தபோது விருந்தினராக வரவேற்கப்பட்டவர், நிரந்தரமாக வந்தபின் எங்கு அமர்வது என்றே தெரியாமல் நிற்கிறார். ஜெரால்ட் கிளெர்மன், மைர்னா வைஸ்மன் ஆகியோர் உருவாக்கிய உறவுவழிச் சிகிச்சை, வாழ்வில் ஒருவருடைய இடம் மாறுவதை மனச்சோர்வின் முக்கியமான தோற்றுவாய்களுள் ஒன்றாகக் கருதுகிறது. பழைய இடத்தை இழந்ததற்காக வருந்த இடம் கொடுத்து, புதிய இடத்திற்கு வேண்டிய உறவுகளையும் திறன்களையும் கட்டியெழுப்புவது அச்சிகிச்சையின் பணி. இதில் துணைவியாரையும் சில அமர்வுகளுக்கு அழைக்கலாம். உங்களை அழைத்தால், உங்கள்மீது குறை காண்பதற்காக என்று எண்ணாமல் வாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர் அதிர்ச்சியின் பின்விளைவுகள், மது, நாட்பட்ட வலி ஆகியவை மனச்சோர்வோடு சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதால், அவற்றையும் கேட்டறியச் சிகிச்சையாளருக்குக் கற்பிக்கப்படுகிறது. தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேட்கவும் கற்பிக்கப்படுகிறது.

இந்த முறை பணக்கார நாட்டுக்கு மட்டுமே உரியதா? கோவா மாநிலத்தில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. அதில் சிகிச்சையளித்தவர்கள் மனநலப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள். நோயாளிகள் கடுமையான மனச்சோர்வுடைய பொதுமக்கள், 495 பேர். ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாதங்களுக்குப் பிறகு, ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதத்தினருக்கு நோய் தணிந்திருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினருக்கே தணிந்திருந்தது. அங்கும் ஆலோசகர்கள் தம் அமர்வுகளைப் பதிவு செய்து, குழுவாகக் கூடிக் கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் இட்டார்கள். கோவாவின் நோயாளிகள் படைவீரர்கள் அல்லர். ஆனால் சிகிச்சையாளர் உருவாகும் வழி அங்கும் இதுவே.

ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவரை எந்தச் சிகிச்சையாளரிடம் அழைத்துச் சென்றாலும் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எந்தச் சிகிச்சை முறையைப் பின்பற்றுகிறீர்கள்? அதில் உங்கள் அமர்வுகளை எவரேனும் கேட்டுத் திருத்திப் பயிற்றுவித்தார்களா? இப்போதும் கலந்தாலோசிக்க மூத்தவர் இருக்கிறாரா? எத்தனை அமர்வுகள், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? நல்ல சிகிச்சையாளர் இவற்றால் புண்படமாட்டார். மருத்துவ உளவியலாளராக இருந்தால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு இருக்கிறதா என்றும் கேட்கலாம். "படையில் இருந்திருக்கிறீர்களா?" என்பதைவிட, "படையில் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, தெரியாததை அவரிடமே கேட்பீர்களா?" என்பது பயனுள்ள கேள்வி.

அளப்பது என்று சொன்னேன். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை எங்கள் பிரிவில் உங்களிடம் தருவோம். மொத்த மதிப்பெண் 27. பத்துக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டிய நிலை. தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைந்தால் சிகிச்சை பலனளிக்கிறது என்று பொருள். ஐந்துக்குக் கீழே வந்தால் நோய் தணிந்துவிட்டது எனலாம். சிபிடி பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினாறு அமர்வுகள். ஐந்தாறு அமர்வுகளுக்குப் பிறகும் எண்ணிக்கை அசையவில்லை என்றால் அதைச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். முறையை மாற்றவோ மருந்து சேர்க்கவோ நேரம் வந்திருக்கலாம். மருந்து ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், பேச்சுவழிச் சிகிச்சை தொடங்கிவிட்டது என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

வீட்டாருக்கு இன்னும் இரண்டு செய்திகள். அமர்விலிருந்து வெளியே வந்தவரிடம் "உள்ளே என்ன பேசினீர்கள்?" என்று கேட்காதீர்கள்; அவர் சொன்னால் கேளுங்கள். அங்கு பேசியதை எங்களிடமிருந்தும் நீங்கள் பெறமுடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அவருக்கு அளிக்கும் உரிமை அது. உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் மட்டும் நாங்களே உங்களை அழைப்போம்.

இரண்டாவது செய்தி பாதுகாப்பைப் பற்றியது. வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு, திடீரென்று கணக்குகளை ஒப்படைப்பது, பொருள்களைப் பிரித்துக் கொடுப்பது ஆகியவற்றைக் கண்டால், "உயிரை விட்டுவிடத் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். ஓய்வுக்குப் பின் காவலர் பணிக்கென்று உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் முன்னாள் படைவீரர்கள் நம் மாவட்டங்களில் உண்டு. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது அவர்களுக்குப் பழக்கமானதே. உடல்நலம் தேறும்வரை அதே போலப் பாதுகாப்பான இடத்தில் ஒப்படைத்து வைக்க என்ன வழி என்று காவல் நிலையத்தில் கேட்டறியுங்கள். பூச்சிக்கொல்லி மருந்தையும் வீட்டில் வைக்காதீர்கள். இரவு நேரத்தில் எவரிடமாவது பேசவேண்டும் என்றால் 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். நாள் முழுவதும் தமிழில் பேசுவார்கள்.

அந்த ஹவில்தார் முதல் அமர்வுக்கு அரைமனத்தோடுதான் போனார். "ரோல் கால் என்றால் என்ன, எனக்குச் சொல்லுங்கள்" என்று எங்கள் சிகிச்சையாளர் கேட்டதாகவும், தாம் இருபது நிமிடம் விளக்கியதாகவும் பின்னர் அவரே என்னிடம் சொன்னார். இப்போது பதினொன்றாவது அமர்வு முடிந்திருக்கிறது. ஒன்பது கேள்வித் தாளில் பத்தொன்பதாக இருந்தது எட்டாகியிருக்கிறது. முதுகுவலி இன்னும் இருக்கிறது. அதற்கு உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் தனியாக நாள் குறித்திருக்கிறோம். மதுவைப் பற்றிய பேச்சு அடுத்த வாரம்தான் தொடங்குகிறது.